பெயரின் வேரைத் தேடுவது எப்படி: வட ஆற்காட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

தம் பெயரின் பொருளை அறிய விரும்புகிறவர்கள் முதலில் புரட்டுவது அகராதியைத்தான். அது அரை நிமிட வேலை, செய்வதில் தவறில்லை. ஆனால், மார்க்கபந்து என்றால் வழித்துணைவன் என்று அகராதி சொல்லிவிடுவதால், விரிஞ்சிபுரத்துச் சுவாமியின் பெயரை உங்கள் தாத்தாவுக்கு யார், எந்த வேண்டுதலின் பேரில் வைத்தார்கள் என்பது தெரிந்துவிடாது. ஆகவே பெயரை வைத்தவர் யார், யாரை மனத்தில் கொண்டு வைத்தார் என்ற இரண்டு கேள்விகளை முதலிலும் சொற்பொருளைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளும்படி சொல்வேன்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு தாளில் உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஜாதகம் ஆகியவற்றில் உள்ள பெயர்களோடு வீட்டில் கூப்பிடும் பெயரும் அதில் இருக்கட்டும். ரோகிணி நட்சத்திரத்துக்கு ஓ, வ, வி, வு என்ற எழுத்துகளைப் பார்த்து ஜாதகத்தில் எழுதிய பெயர் ஒன்றாகவும், பள்ளியில் சேர்த்த நாளில் தலைமையாசிரியர் திருத்தி எழுதிய பெயர் வேறொன்றாகவும் இருப்பது சாதாரணம். திருவண்ணாமலை அம்மனான உண்ணாமுலையின் பெயரைத் தாங்கிய எத்தனையோ பாட்டிகள் ஆவணங்களில் ‘உண்ணாமலை’ ஆகியிருக்கிறார்கள். அந்த எழுத்து மாற்றம் தெரியாமல் தேடினால் பழைய பதிவேட்டில் அவர்கள் அகப்படவே மாட்டார்கள்.

அடுத்தது பெரியவர்களிடம் கேட்பது. ‘என் பெயருக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டால், ‘சாமி பேருதான்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, ‘ஆயா, எனக்குப் பேரு வச்சப்ப யார் யார் இருந்தாங்க? காதுல சொன்னது யாரு? வேற என்ன பேரு வைக்கலாம்னு பேசிக்கிட்டாங்க?’ என்று கேளுங்கள். நிராகரிக்கப்பட்ட பெயர்களைப் பற்றிக் கேட்கும்போது பங்காளிச் சண்டையிலிருந்து நிறைவேறாத நேர்த்திக்கடன் வரை எல்லாம் வெளிவரும். மூத்த பெண்களிடம் கேட்கும்போது ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும்: கணவன், மாமனார் பெயர்களை வாயால் சொல்லக்கூடாது என்ற வழக்கத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். மாமனார் பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டு, மருமகள் அதைச் சொல்ல நேரக்கூடாது என்பதற்காகவே அவனைத் துரை என்றும் ராஜா என்றும் கூப்பிட்டுப் பழகிய வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். எனவே பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தாமல், பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளையைச் சொல்லவிட்டு அவர்களைத் தலையாட்டச் செய்வதே நாகரிகம்.

குப்பன், குப்பம்மாள், பிச்சை போன்ற பெயர்கள் தாத்தா பாட்டி வரிசையில் இருந்தால் மெதுவாகக் கேளுங்கள். முன்பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தோ, பிறரிடம் கொடுத்துத் திரும்ப வாங்கியோ, எமன் கண்ணில் படாதபடி இவ்வாறு பெயரிட்டார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால், பெயர் பதிவாகாத ஒன்றிரண்டு குழந்தைகளின் இழப்பு இருக்கக்கூடும். இன்று கேட்க நாகரிகமற்றதாகத் தோன்றும் இப்பெயர்களை, குழந்தையைத் தக்கவைத்துக்கொள்ள ஒரு தாய் பட்ட பாடாகவே நான் மதிக்கிறேன்.

வாய்மொழி நிற்கும் இடத்தில் தாள்கள் உதவும். பீரோவில் கிடக்கும் பழைய கிரயப் பத்திரத்தில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்றும் ‘இன்னார் மனைவி இன்னார்’ என்றும் எழுதியிருப்பதால், இரண்டு பத்திரங்கள் கிடைத்தாலே மூன்று தலைமுறைப் பெயர்கள் கைக்கு வந்துவிடும்; பாட்டன் பெயர் ஒரு தலைமுறை விட்டுத் திரும்புகிறதா என்பதும் அதில் தெரியும். பத்திரம் இல்லையென்றால், நிலத்தின் சர்வே எண்ணைக்கொண்டு வில்லங்கச் சான்று பாருங்கள். பழைய முகவரிகளைப் படிக்கும்போது மாவட்டப் பெயரில் குழம்பவேண்டாம். வட ஆற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்து, 2019இல் வேலூர் மறுபடியும் மூன்றாகப் பிரிந்தது. ஆரணியும் போளூரும் இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில், சோளிங்கர் ராணிப்பேட்டை மாவட்டத்தில், ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. பெயரைப் பதிந்துவைப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லலாம். செங்கம் பகுதியில் எடுத்தனூரில் உள்ள, பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல், எருமைகளுக்காகப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தியோடு, கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அவனுடைய நாயின் பெயரையும் கோவிவன் என்று எழுதிவைத்திருக்கிறது.

பெயரும் ஊரும் கிடைத்தபின் அந்த ஊரைச் சுற்றியுள்ள கோயில்களோடு பொருத்திப் பாருங்கள். அண்ணாமலை, அருணாசலம் என்பவை திருவண்ணாமலையையும், ரேணு, ரேணுகா என்பவை படவேட்டு ரேணுகாம்பாளையும், நரசிம்மன், அமிர்தவல்லி என்பவை சோளிங்கரையும், வள்ளியம்மாள் வள்ளிமலையையும், கெங்கையம்மாள் குடியாத்தத்தில் வைகாசியில் சிரசு ஊர்வலம் காணும் அம்மனையும் சுட்டக்கூடும். குலதெய்வம் எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. விரிஞ்சிபுரம் இன்னும் தெளிவான சான்று: கார்த்திகைக் கடைஞாயிறன்று பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் சிம்ம தீர்த்தத்தில் நீராடி, ஈரப் புடவையோடு கோயிலுக்குள் படுத்து, கனவில் இறைவன் அருளுக்குக் காத்திருப்பார்கள். சுவாமி பெயரான மார்க்கபந்துவோ அங்குள்ள அம்மன் பெயரான மரகதமோ உங்கள் வீட்டில் இருந்தால், அவரைப் பெற்றவர் கடைஞாயிற்றுக்குப் போனாரா என்று முதலில் விசாரியுங்கள்.

திரௌபதி, தருமன், அர்ச்சுனன் போன்ற பெயர்களைப் பொதுவாக இதிகாசப் பெயர்கள் என்று தள்ளிவிடுகிறோம். பாரதச் சொற்பொழிவும் இரவெல்லாம் தெருக்கூத்தும் தீமிதியும் நடக்கும் திரௌபதியம்மன் கோயில் ஊர்களில் அவை உள்ளூர்ப் பெயர்களே. திருவிழா நடந்த ஆண்டையும் குழந்தை பிறந்த ஆண்டையும் ஒப்பிட்டால் பெயரின் காரணம் பிடிபடலாம்.

இஸ்லாமியக் குடும்பங்களில் குழந்தை பிறந்த ஏழாம் நாள் அகீகா சடங்கின்போது பெயரைத் தேர்ந்த பெரியவரைக் கேட்டு, ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் தந்தையர் பெயர்களைப் பார்க்கலாம். திப்பு என்ற பெயருக்கு ஆற்காட்டிலேயே வேர் இருக்கிறது. 1750இல் பிறந்த திப்பு சுல்தானுக்கு அப்பெயர், ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் நினைவாக இடப்பட்டது. கிறிஸ்தவக் குடும்பங்கள் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடவேண்டும். 1853இல் ஆற்காடு மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பு தொடங்கியதற்குப் பிறகு மதம் மாறிய முன்னோரின் பழைய பெயர் அதில் இருந்தால் அது பெரிய கொடை. ஐடா என்ற பெண்மணி குடும்பத்தில் இருந்தால், 1900இல் வேலூரில் மருத்துவப் பணி தொடங்கிய ஐடா ஸ்கடரோடும் அவருடைய மருத்துவமனையோடும் தொடர்பு உண்டா என்று கேளுங்கள். நேமிநாதன் போன்ற தமிழ்ச் சமணப் பெயர்களுக்குப் போளூரை அடுத்த சமணத் தலமான திருமலை ஒரு நல்ல தொடக்கம்.

காலத்தையும் விட்டுவிடக் கூடாது. அண்ணன் ஏழுமலையாகவும் தம்பி இளங்கோவாகவும் இருந்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் அப்பா எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போய்வந்தார் என்று கேட்பது பஞ்சாங்கத்தைப் புரட்டுவதைவிடப் பயன்தரும். கௌதமன் என்றும் அம்பேத்கர் என்றும் பெயரிட்டவர்களின் நோக்கத்தை எந்தப் பெயர்ப் பட்டியலும் சொல்லாது.

கிடைத்ததை ஒரே பக்கத்தில் எழுதி, சொன்னவர் பெயரையும் கேட்ட தேதியையும் குறித்து, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். இரண்டு பெரியவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லவேண்டியதில்லை. வீட்டில் இப்போது குழந்தை பிறந்திருந்தால் வேலை இன்னும் எளிது. பிறப்பைப் பதிந்த பின் 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. பதிவேட்டில் பெயரைச் சேர்க்கும் அன்றே, அதைத் தேர்ந்தவர் யார், ஏன் தேர்ந்தார் என்பதை அவர் கையாலேயே நான்கு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.