அழாத குழந்தை சமர்த்துக் குழந்தை இல்லை: பிறந்த குழந்தைகள் வார்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"என் பிள்ளை ரொம்ப சமர்த்து சிஸ்டர். அழவே இல்லை, ஐந்து மணி நேரமாக அசையாமல் தூங்குகிறான்." பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் ஒரு அம்மா நிம்மதியாக இப்படிச் சொல்வார். பிறந்த குழந்தைகள் வார்டில் நர்ஸாக வேலை பார்த்த எனக்கு இதைக் கேட்டாலே வயிறு கலங்கும். கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு நேராக அந்தக் கட்டிலுக்குத்தான் போவேன்.

பெரியவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் காய்ச்சல் வரும், முனகுவார்கள். பிறந்த குழந்தைக்குக் கிருமித் தொற்று வந்தால் பல நேரம் காய்ச்சலே இருக்காது. உடம்பு சில்லிடும், பால் குடிப்பது குறையும், கை கால் துவளும், தூக்கம் கூடும். அதனால் அமைதியைப் பார்த்து ஏமாறுவதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். துணியை விலக்குங்கள், உள்ளங்காலை லேசாகத் தேய்த்துப் பாருங்கள். நல்ல குழந்தை முகம் சுளித்துக் காலை இழுத்துக்கொள்ளும். தூண்டினால் மட்டும் அசைவது, பால் குடிக்காமல் இருப்பது, வலிப்பு, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, மூச்சு வாங்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்ளே குழிவது, உடல் வெப்பம் 35.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவது அல்லது 37.5-ஐத் தாண்டுவது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரை அழைக்க வேண்டும். இரண்டாவது அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மூச்சை எண்ணும்போது ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவதை வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் செய்திருக்கிறேன். பிறந்த குழந்தை சில விநாடி வேகமாக மூச்சு விடும், சில விநாடி நிறுத்தும். குறுக்குக் கணக்கு இரண்டு பக்கமும் தவறும்.

அப்புறம் குளிர். வார்டில் அதிகமாக நடக்கும் தவறு எது என்று கேட்டால் குழந்தையைக் குளிரவிடுவது என்றுதான் சொல்வேன். பிறந்த குழந்தைக்கு நம்மைப்போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்குகிறது. அதற்கு ஆக்ஸிஜனும் சர்க்கரையும் செலவாகும். அதனால் குளிர்ந்த குழந்தைக்குக் கொஞ்ச நேரத்தில் மூச்சும் வாங்கும், ரத்தச் சர்க்கரையும் இறங்கும். பிறந்தவுடன் துடைப்பதை யாரும் மறப்பதில்லை. துடைத்த ஈரத் துணியிலேயே குழந்தையைப் படுக்க வைத்துவிடுவார்கள், தவறு அங்கேதான். ஈரத் துணியை எடுத்துப் போட்டுவிட்டு, காய்ந்த துணியால் போர்த்தி, தொப்பி போட்டு, அம்மாவின் வெறும் மார்பின்மேல் குழந்தையைப் படுக்க வையுங்கள். எடை மெஷினின் மேல் விரிப்பு போடாமல் கிடத்துவதும், மின்விசிறிக் காற்று நேராகப் படும் இடத்தில் தொட்டிலை வைப்பதும் இதே வகைத் தவறுதான்.

முதல் குளியலுக்கு அவசரமே இல்லை. குறைந்தது 24 மணி நேரம் கழித்துக் குளிப்பாட்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அது முடியாத சூழலில்கூட 6 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். தோல்மேல் இருக்கும் வெள்ளைப் பூச்சு அழுக்கு இல்லை, தோலைக் காக்கும் படலம். அதைத் தேய்த்து எடுக்காதீர்கள்.

வெப்பமானி கையில் இல்லையா? உங்கள் புறங்கையைக் குழந்தையின் வயிற்றிலும் பாதத்திலும் வைத்துப் பாருங்கள். வயிறு வெதுவெதுப்பாக இருந்து பாதம் மட்டும் சில்லென்றிருந்தால் குழந்தை குளிரத் தொடங்கிவிட்டது. இரண்டுமே சில்லென்றிருந்தால் நிலைமை மோசம். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வார்மரில், அதாவது மேலிருந்து சூடு தரும் படுக்கையில் இருக்கும் குழந்தையின் தோலில் ஒட்டிய வெப்பம் அளக்கும் சென்சார் கழன்றுவிட்டால், குழந்தை குளிர்ந்துவிட்டது என்று நினைத்து மெஷின் மேலும் மேலும் சூடேற்றும். வார்மர் பக்கம் போகும்போதெல்லாம் அந்தச் சென்சாரைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகும் பழக்கம் ஒவ்வொரு நர்ஸுக்கும் வேண்டும்.

தாய்ப்பால் விஷயத்தில் "பால் வரவில்லை" என்ற பயம்தான் பாதித் தவறுகளுக்குக் காரணம். முதல் நாள் சுரக்கும் சீம்பால் ஒரு வேளைக்குச் சில மில்லிதான் இருக்கும். அன்றைக்குக் குழந்தையின் தேவையும் அவ்வளவுதான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட்டு, பிறகு கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் பால் ஊறும். பயத்தில் புட்டிப்பாலோ தண்ணீரோ தேனோ கொடுத்தால் குழந்தை உறிஞ்சுவது குறையும், சுரப்பும் குறையும், பயம் நிஜமாகிவிடும். குடித்தது போதுமா என்பதைச் சிறுநீர் சொல்லும். ஐந்தாம் நாளுக்குள் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது துணி ஈரமாக வேண்டும். முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு, 10 சதவீதத்தை எட்டினால் டாக்டர் பார்க்க வேண்டும்.

ஆனால் மார்பில் வாய் வைத்திருப்பதையெல்லாம் பால் குடிப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விழுங்கும் சத்தம் கேட்கிறதா, தாடை நன்றாக அசைகிறதா என்று பாருங்கள். 35, 36 வாரத்தில் பிறந்த குழந்தைகள் பார்வைக்கு நிறைமாதக் குழந்தை போலவே இருப்பார்கள். நாலு வாய் உறிஞ்சிவிட்டுக் களைத்துத் தூங்கிவிடுவார்கள். இவர்களை இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பியே ஆக வேண்டும். அம்மாவுக்கு உயிர் போகிற மாதிரி வலித்தால் "பழகிவிடும்" என்று சொல்லிப் போகாதீர்கள். குழந்தை காம்பை மட்டும் பற்றியிருக்கும். எடுத்து, வாயை அகலத் திறக்கவைத்து, மறுபடி போடுங்கள். மருத்துவக் காரணத்துக்காகச் சில குழந்தைகளுக்குக் கூடுதல் பால் தேவைப்படத்தான் செய்யும். அந்த அம்மாவைக் குற்ற உணர்ச்சியில் தள்ளுவதும் நாம் செய்யும் தவறுதான்.

மஞ்சள் காமாலை பெரும்பாலான குழந்தைகளுக்கு லேசாக வந்து போகும். இந்த ஒரு வாக்கியம் எல்லோருக்கும் தெரிந்திருப்பதுதான் சிக்கல். பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது ஒருபோதும் சாதாரணம் இல்லை. உடனே ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியின் அளவைப் பார்க்க வேண்டும். பின்னால் வரும் மஞ்சளையும் வெறும் கண்ணால் அளக்க முடியாது. விளக்கொளி ஏமாற்றும், மாநிறக் குழந்தையிடம் இன்னும் ஏமாற்றும். பிலிருபின் அளவு மீறினால் மூளையைத் தாக்கலாம், காது கேளாமல் போகலாம்.

"காலை வெயிலில் காட்டினால் போதுமே" என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்வேன். 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற சிஸ்டர் குழந்தைகளை முற்றத்துக்குத் தூக்கிச் செல்வார். வெயில் பட்ட தோல் வெளுத்து, துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாக இருந்ததைக் கவனித்துச் சொன்னவர் அவர்தான். அதிலிருந்துதான் விளக்குச் சிகிச்சை பிறந்தது, 1958-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. ஒரு நர்ஸின் கண் கண்டுபிடித்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. இன்று அதே வேலையை நீல ஒளி அளவோடு, சூடும் குளிரும் தாக்காமல் செய்கிறது. ஜன்னலோர வெயில் அந்த அளவுக்கு ஈடாகாது. விளக்கின் கீழ் வைத்த பிறகும் தவறுகள் உண்டு. குளிருமே என்று துணி போர்த்திவிட்டால் ஒளி எங்கே படும்? கண்மறைப்பு நழுவி மூக்கை அடைக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் தோல் வெளுத்துவிடும், அதைப் பார்த்து "மஞ்சள் போய்விட்டது" என்று முடிவு செய்யாதீர்கள். ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

கை சுத்தம் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள், நான் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். கையுறை போட்டிருக்கிறேன் என்ற தைரியத்தில் அடுத்த குழந்தையைத் தொடாதீர்கள், கழுவிய கையால் போனை எடுத்துவிட்டு மறுபடி குழந்தையைத் தொடாதீர்கள். பெற்றோர் "கை கழுவினீர்களா?" என்று யாரிடமும் கேட்கலாம், டாக்டரிடமும்தான்.

மருந்தில் ஒரு புள்ளி தவறினால் டோஸ் பத்து மடங்காகிவிடும். 0.5 என்று எழுதுங்கள், முன்னால் பூஜ்யம் இல்லாமல் எழுதாதீர்கள். இன்றைய எடையை வைத்துக் கணக்கிட்டு, இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்லி, குழந்தையின் அடையாளக் கைப்பட்டையைப் படித்த பிறகு கொடுங்கள். பெற்றோருக்கு: குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று வைட்டமின் கே ஊசியை மறுக்காதீர்கள். நன்றாக இருக்கும் குழந்தைக்கும் திடீரென்று மூளையில் ரத்தக் கசிவு வரலாம், அதைத் தடுக்கத்தான் அந்த ஊசி.

குறைமாதக் குழந்தைக்கு ஆக்ஸிஜனும் மருந்துதான். 1940களிலும் 50களிலும் தாராளமாகக் கொடுத்த ஆக்ஸிஜனால் விழித்திரை கெட்டு ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தார்கள். ஆக்ஸிஜன் கொடுக்கும்போது ரத்தத்தில் அதன் அளவை ஏறக்குறைய 90 சதவீதத்துக்கும் 95 சதவீதத்துக்கும் நடுவில் வைக்கிறோம். அலாரம் அடித்ததும் கூட்டிவிட்டு, சரியானதும் குறைக்க மறப்பதுதான் வழக்கமான தவறு. டிஸ்சார்ஜுக்குப் பிறகு விழித்திரைப் பரிசோதனைத் தேதியைத் தவறவிடுவது அதைவிடப் பெரிய தவறு.

எனக்கு அதிகம் வலிப்பது அம்மாவைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துவது. 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரேய் என்ற டாக்டர், இன்குபேட்டர் போதாத நிலையில் சின்னக் குழந்தைகளை அம்மாவின் மார்பிலேயே கட்டி வைத்தார். அதுதான் கங்காரு பராமரிப்பு. குழந்தையின் நிலை சீரான பிறகுதான் தொடங்க வேண்டும் என்று நெடுநாள் நினைத்திருந்தோம். பிறந்த உடனே தொடங்கினால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு 25 சதவீதம் குறைகிறது என்று 2021-இல் ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு காட்டியது. தானாக மூச்சு விட முடியாத, ரத்த ஓட்டம் தளர்ந்த குழந்தைகள் தவிர மற்றவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அம்மா ஓய்வெடுக்கும் நேரத்தில் அப்பாவின் மார்பும் போதும்.

வீட்டுக்குப் போகும் நாளில் சாமான் கட்டும் அவசரத்தில் காது கேட்கும் சோதனையும், கையிலும் காலிலும் ஆக்ஸிஜன் பார்க்கும் இதயச் சோதனையும் விட்டுப்போகும். நடந்ததா என்று கேட்டு வாங்குங்கள். எடை பார்க்க எப்போது வர வேண்டும், ராத்திரியில் யாரை அழைக்க வேண்டும் என்பதைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். நடு ராத்திரியில் பதறி வந்து, ஒன்றுமில்லை என்று தெரிந்து திரும்பிப் போன எந்தக் குடும்பத்தையும் நான் தொந்தரவாக நினைத்ததில்லை.