கலப்பின ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்: இலைச் சுருக்கத்தின் காரணம் நடுவில் ஒளிந்திருந்தது

தவறாமல் தண்ணீர் ஊற்றியும் என் கலப்பின ஃபலனாப்சிஸின் இலைகள் சுருங்கித் தொங்கியதற்குக் காரணம் தேடி மூன்று வாரங்களை வீணாக்கினேன், இப்போதுதான் நிம்மதி.

தாகம் என்றெண்ணி நீரைக் கூட்டியபோது சுருக்கம் அதிகரித்தது. உரக் கரைசலும் இடமாற்றமும் பயன் தரவில்லை. ஒளி புகும் தொட்டியின் ஓரத்தில் தெரிந்த வேர்கள் நனைந்ததும் பச்சையாகவும், காய்ந்ததும் வெள்ளி நிறமாகவும் மாறியதைக் கண்டு எல்லா வேர்களும் நலம் என்று நம்பியதே என் பிழை.

கடைசியில் செடியை வெளியே எடுத்து, மண்ணுக்குப் பதிலாக நிரப்பியிருந்த மரப்பட்டைத் துண்டுகளை உதிர்த்தபோது, தண்டுக்கு நேர் கீழே கோழிமுட்டை அளவில் ஒரு பாசிக் கட்டி இறுகிக் கிடந்தது. இளங்கன்றை ஊன்றுவதற்காக வளர்ப்பாளர்கள் வைக்கும் ஸ்பாக்னம் பாசி அது. சுற்றிலும் பட்டை காய்ந்த பிறகும் அது மட்டும் ஊறியே இருந்து, மரங்களில் தொற்றி வாழ்ந்த மூதாதையரைப்போலக் காற்றை நாடும் வேர்களை மூச்சுத் திணறடித்து அழுகச் செய்திருந்தது. அழுகிய வேர்கள் நீரை உறிஞ்ச முடியாததால்தான் இலைகள் சுருங்கின. வேரின் மேலுறையை விரலால் உரித்தால் உள்ளே நூல்போன்ற இழை மட்டும் எஞ்சுவது அழுகிய வேரின் அடையாளம்.

வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பாசியை இடுக்கியால் சிறிது சிறிதாகப் பிரித்தெடுத்து, தீயில் காட்டி ஆறவைத்த கத்தரியால் அழுகி மென்மையான வேர்களை மட்டும் வெட்டினேன். பிறகு சற்றுச் சிறிய தொட்டியில் புதிய பட்டையில் நட்டு, நான்கு நாள் நீர் ஊற்றாமல் நிழலில் வைத்தேன். ஐந்தாம் வாரத்தில் பச்சை நுனியுடன் புது வேர் எட்டிப் பார்த்தது. பழைய இலைகளின் சுருக்கம் முழுமையாக மறையவில்லை. புதிய இலை விறைப்பாக வளர்கிறது.