மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் தெலுக் இந்தானுக்கு நர்ஸ் வேலைக்கு வருகிறவர்களுக்கு: கூட வேலை செய்பவர்களைப் பற்றிக் கொஞ்சம்

பெர்மிட் கிடைத்து, தங்க அறையும் கிடைத்துவிட்டது என்றால், அப்புறம் மீதி இருக்கும் பெரிய வேலை வார்டில் கூட இருப்பவர்களோடு காலம் தள்ளுவதுதான். மலாய், சாப்பாடு, சாயங்கால மழை எல்லாம் சில மாதத்தில் பழகிவிடும். ஷிஃப்ட் முழுக்கப் பக்கத்தில் நின்று எரிச்சல் மூட்டுகிற ஆள் அவ்வளவு சீக்கிரம் பழக மாட்டார்.

கோலாலம்பூரில் இருந்தால், கூட வேலை செய்பவர் முகத்தை வேலை முடிந்ததும் மறந்துவிடலாம். இங்கே அது நடக்காது. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். டவுனில் இருக்கும் தமிழர்களில் பாதிப் பேரின் அப்பாவோ தாத்தாவோ ஏதாவது ஒரு தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவராக இருப்பார். வார்டில் உங்களிடம் முகம் சுளித்த சீனியரை வெள்ளிக்கிழமை கோயிலில் பார்ப்பீர்கள். அட்டெண்டன் அக்கா பசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) உங்களுக்கு முன்னால் நின்று மீன் வாங்குவார். நான்காம் படுக்கையில் இருக்கும் தாத்தா அந்தச் சீனியருக்குச் சித்தப்பா முறையாக இருப்பார். காலையில் போட்ட சண்டை மாலைக்குள் மூன்று தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அதனால் எல்லாவற்றுக்கும் சண்டை போட முடியாது. எல்லாவற்றையும் விழுங்கவும் கூடாது. நான் வைத்திருக்கும் கணக்கு இது: நோயாளியின் உடம்போடு சம்பந்தப்பட்டது, உங்கள் கையெழுத்தோடு சம்பந்தப்பட்டது, இந்த இரண்டையும் அன்றைக்கே, அந்த ஆளிடமே, தனியாகக் கேட்டுவிட வேண்டும். மற்ற தொல்லைகளை ஆறப் போடலாம், பாதி தானாகவே ஆறிவிடும்.

முதலில் கையெழுத்து. மார்ஃபின் போன்ற மருந்துகள் பூட்டிய அலமாரியில் இருக்கும், சாவி ஒரு நர்ஸ் கையில் இருக்கும், ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் எண்ணிக் கொடுப்பார்கள். எடுக்கும்போது இரண்டு பேர் நிற்க வேண்டும். 10 மில்லிகிராம் ஆம்பியூலில் டாக்டர் எழுதியது 5 என்றால், மீதி 5 கொட்டப்படுவதையும் அந்த இரண்டாவது ஆள் கண்ணால் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். நடப்பது என்ன? நீங்கள் ஒரு பாட்டிக்குக் கேனுலா போட நரம்பு தேடிக்கொண்டிருப்பீர்கள். சீனியர் அக்கா டி.டி. புத்தகத்தை (இந்த மருந்துகளின் கணக்குப் புத்தகத்தை) அப்படியே விரித்து உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் வைப்பார். "தங்கச்சி, கொடுத்தாச்சுமா. இங்க ஒரு சைன் மட்டும்." பேனாவைக்கூட அவரே மூடி கழற்றி நீட்டுவார். மருந்து எங்கே போனது, மீதி எங்கே கொட்டியது, எதுவும் உங்களுக்குத் தெரியாது. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, பெரும்பாலும் அவசரம்தான். ஆனால் எண்ணிக்கை குறைந்தால் புத்தகத்தில் இருப்பது உங்கள் பெயர். 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் சரக்கு இது. வெளிநாட்டிலிருந்து வந்த நீங்கள் மலேசிய நர்ஸ் வாரியம் (லெம்பாகா ஜுருராவாட்) கொடுத்த தற்காலிகச் சான்றிதழில் வேலை செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது முகம் கோணாமல் சொல்ல ஒரு வழி: "அக்கா, கை வேலையா இருக்கு. அடுத்த தடவை எடுக்கும்போதே கூப்பிடுங்க, ஓடி வந்துடுறேன். பார்க்காம போட எனக்குப் பயமா இருக்கு." பயத்தை உங்கள் மேல் போட்டுக்கொண்டால் அவருக்குக் குத்தாது. இரண்டு தடவை இப்படிச் சொன்னால் மூன்றாவது தடவை வேறு ஆளைத் தேடுவார், அல்லது ஒழுங்காகக் கூப்பிடுவார். அடுத்தவர் ஊசியில் ஏற்றிவைத்த இன்சுலினைக் கொண்டுபோய்ப் போடச் சொன்னாலும் இதே பதில்தான்.

அடுத்தது பாஸ் ஓவர், அதாவது ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைப்பது. பெரும்பாலும் காலை 7, மதியம் 2, இரவு 9 மணிக்கு ஆள் மாறும். 7 மணிக்கு வர வேண்டியவர் ரொட்டி சானாய் சாப்பிட்டு முடித்து 7.25க்கு வந்து நிற்பார். இரவு முழுக்க நின்ற உங்களுக்குக் கால் கடுக்கும். இன்னொரு வகை, ஷிஃப்ட் முடியும் நேரத்தில் டிரிப் பாட்டிலில் விரல் அகலம் மட்டும் தண்ணீர் விட்டுவிட்டு "எல்லாம் ஓகே" என்று கிளம்புகிறவர். அவர் வாசலைத் தாண்டும் முன்பே பம்பு கத்த ஆரம்பிக்கும். இவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. பாஸ் ஓவரை கவுண்டரில் உட்கார்ந்து வாங்காதீர்கள். படுக்கை படுக்கையாக நடந்து வாங்குங்கள். டிரிப்பைப் பார்த்து, "அக்கா, இது இன்னும் பத்து நிமிஷம்தான் ஓடும் போலிருக்கே, சேர்ந்தே மாத்திடலாமா?" என்று கேட்டால், நோயாளியின் மகள் முன்னால் அவரால் மறுக்க முடியாது. கொஞ்சம் தந்திரம்தான், சரி.

தாமதமாக வருகிறவர் விஷயத்தில் உங்கள் நேரத்தை ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள். தனியார் மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் உண்டு. 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம் என்று அதில் வைத்திருக்கிறார்கள். ஷிஃப்ட் வேலைக்கு அதை மூன்று வாரச் சராசரியாகப் பார்ப்பார்கள். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகாதவர்களுக்குச் சாதாரண நாளில் அதற்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்குக் கூலி. ஒரு நாள் இருபது நிமிடத்துக்கு யாரும் ஓ.டி. கேட்கப் போவதில்லை. மாதக் கடைசியில் அந்த நோட்டோடு வார்டுப் பொறுப்பில் இருக்கும் சிஸ்டரிடம் போய் உட்கார்ந்தால், புகாரில் ஆள் பெயர் சொல்லவே வேண்டியிருக்காது.

உங்களுக்கு அதிகம் வலிக்கப்போவது நம்முடைய ஆட்களிடமிருந்துதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மலாய்க்கார, சீனச் சகாக்கள் கேட்டால் முடியாது என்று எளிதாகச் சொல்லிவிடுவீர்கள். "தங்கச்சி" என்று கூப்பிட்டு, முதல் வாரமே வீட்டிலிருந்து நெத்திலிச் சம்பலும் சோறும் கட்டிக்கொண்டு வந்து கொடுத்த அக்கா, "இந்த ஒரு நைட் மட்டும் எனக்காகப் பாரும்மா" என்றால் எப்படி மறுப்பது? பாருங்கள், தவறில்லை. ஆனால் வாயால் மாற்றிக்கொள்ளாதீர்கள். ரோஸ்டரில் எழுதி, சிஸ்டர் ஒப்பம் வாங்கி, அவர் உங்களுக்குத் திருப்பித் தரும் நாளையும் அப்போதே குறித்துவிடுங்கள். "நீ தனியாதானே இருக்க, வீட்டுல என்ன வேலை?" என்பதை ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தால், தீபாவளி வாரத்தில் மற்றவர்கள் எடுக்கும் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எல்லாம் உங்கள் தலையில்தான் வந்து விழும். எம்.சி. எடுக்கச் சட்டப்படி உரிமை இருக்கிறது. இரண்டு வருடத்துக்குக் கீழ் வேலை செய்தவருக்கே வருடத்துக்கு 14 நாள். அதை வார இறுதியோடு ஒட்டி ஒட்டி எடுக்கிறவர் எல்லா வார்டிலும் ஒருவர் இருப்பார். அது உண்மையான காய்ச்சலா என்று துப்பறியும் வேலை உங்களுக்கு வேண்டாம்.

அப்புறம் கூட்டு, அதாவது சீட்டு. மாதம் 200 வெள்ளி, பத்துப் பேர், ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு மொத்தப் பணம். வார்டில் யாராவது ஒரு அக்கா பிடித்துக்கொண்டிருப்பார். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய உங்களுக்கு ஆசையாகவும் இருக்கும். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியாவில் அதற்குத் தடை. பணம் போனால் போலீஸில் போய் எழுதிக் கேட்பதும் உங்களுக்கே வம்பு. "வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க அக்கா" என்று கணவர் மேலோ மாமியார் மேலோ பழியைப் போட்டு நகர்ந்துவிடுங்கள். மாமியாருக்கு இப்படியும் ஓர் உபயோகம் உண்டு. அதே பதில் சோப்பு, சத்து மாவு, மேக்கப் விற்கும் டைரக்ட் செல்லிங் ஆட்களுக்கும் செல்லும்.

தமிழ் தெரியும் என்பதற்காக உங்களை வார்டு வார்டாக இழுப்பார்கள். வயதான தோட்டத்துப் பாட்டிக்கு மலாய் அரைகுறைதான் வரும். சர்க்கரைப் புண்ணை வெட்ட வேண்டுமென்று டாக்டர் சொல்வதை யாராவது புரியவைக்க வேண்டும். அதற்கு ஓடுங்கள், சாப்பாட்டு நேரமாக இருந்தாலும். உங்களைப் பார்த்தாலே "மிஸ்ஸி (நர்ஸம்மா), நீ எந்த ஊரு?" என்று கையைப் பிடித்துக்கொள்ளும் அந்தப் பாட்டிகள் இந்த வேலையின் நல்ல பாகம். ஆனால் ஆபரேஷன் ஒப்புதல் பேச்சை டாக்டர் பக்கத்தில் இல்லாமல் நீங்கள் தனியாகச் சொல்லி முடிக்கக் கூடாது. "நீயே சொல்லிடு" என்று ஹவுஸ்மேன் (பயிற்சி டாக்டர்) நழுவினால், அவர் வரும்வரை பாட்டியிடம் பேரன் பேத்தி கதை பேசிக்கொண்டிருங்கள்.

யார் அட்மிட் ஆகியிருக்கிறார், எதற்காக என்பதை வாட்ஸாப்பில் பரப்பும் பழக்கம் இந்த மாதிரி ஊர்களில் பெரிய தலைவலி. கோயில் வாசலில் உங்களையே நிறுத்தி, "மேனேஜர் பங்களா டிரைவருக்கு என்னாச்சாம்?" என்று கேட்பார்கள். "எனக்கு அந்த வார்டு இல்லீங்க" போதும். சகா யாராவது நோயாளி முகம் தெரிய டிக்டாக் எடுத்தால், குரூப்பில் திட்டாதீர்கள். பக்கத்தில் போய் அழிக்கச் சொல்லுங்கள், அழிக்காவிட்டால் சிஸ்டரிடம் போங்கள். கையைத் தொட்டுத் தொட்டுப் பேசுகிறவர், இரட்டை அர்த்தம் பேசுகிறவர் எல்லாம் இந்த எரிச்சல் கணக்கில் சேர மாட்டார்கள். அது பாலியல் தொந்தரவு, எழுத்தில் புகார் கொடுத்தால் முதலாளி விசாரித்தே ஆக வேண்டும்.

நம் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம். பேன்ட்ரியில் ஸ்பீக்கர் போட்டு ஊருக்குப் பேசுவது, மலாய்க்காரச் சகா நடுவில் இருக்கும்போது நாம் இரண்டு பேர் தமிழிலேயே சிரிப்பது, கருவாட்டை வார்டு மைக்ரோவேவில் சுடவைப்பது, இவையெல்லாம் அவர்கள் பட்டியலில் இருக்கும். தெலுக் இந்தான் ச்சீ சியோங் ஃபன் (அரிசி மாவுச் சுருள்) பேர்போனது, கட்டாயம் சாப்பிடுங்கள். பன்றி இறைச்சி சேர்த்ததை மட்டும் பொது ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்.

நோன்பு மாதத்தில் மதிய ஷிஃப்ட் வந்தால், மாலை 7 மணிக்கு மேல் மலாய்ச் சகாக்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு வார்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. தீபாவளிக்கு ரோஸ்டர் போடும்போது அவர்களே உங்களுக்காகப் பேசுவார்கள். தீபாவளி, தைப்பூசம் இரண்டும் பேராக்கில் பொது விடுமுறை. இந்த ஊரே கூடுகிற சித்ரா பௌர்ணமிக்கு அப்படி இல்லை. வார்டில் இருக்கும் தமிழர் அத்தனை பேரும் அன்றைக்கு லீவு கேட்பார்கள், சீனியர்கள் பல வாரம் முன்பே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தேர் பார்க்க ஆசை இருந்தால் பங்குனி பிறந்ததுமே சிஸ்டரிடம் எழுதிக் கொடுங்கள்.