ஆயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிட்டதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீசல் வண்டிக்குப் புது ஆயில் ஊற்றி, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் கறுப்பாகத்தான் வரும். அது இயல்பு. ஆனால் புதிதாக வண்டி வாங்கியவர்களும், தாங்களே ஆயில் மாற்றப் பழகுகிறவர்களும் இந்தக் கறுப்பைக் கண்டு பதறி, மாறாமல் ஒரே வரிசையில் தவறு செய்கிறார்கள். முதலில் ஆயில் போலி என்று முடிவு கட்டுவார்கள். பிறகு இன்னொரு தடவை மாற்றுவார்கள். அப்போதும் கறுத்தால் எஞ்சினுக்குள் டீசலை ஊற்றிக் கழுவுவார்கள். போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விடுவது போன்ற கைப்பிசகுகளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவை தரையில் ஒழுகித் தாமாகவே காட்டிக்கொடுத்துவிடும். நிறத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு செய்கிற வேலைதான் சத்தமில்லாமல் எஞ்சினைத் தின்கிறது.

கறுப்பு என்றாலே கெட்டுவிட்டது என்று நினைப்பது

டீசல் எரியும்போது மிக நுண்ணிய கரி உண்டாகிறது. அதில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். அந்தக் கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல், படியாமல், மிதந்தபடியே வைத்திருப்பதற்கென்று ஆயிலில் தனி வேதிப்பொருள் சேர்த்திருக்கிறார்கள். உலோகத்தில் ஒட்டிய பழைய படிவைக் கரைத்து எடுக்க இன்னொன்று இருக்கிறது. இரண்டும் ஒழுங்காக வேலை செய்தால் ஆயில் கறுக்கத்தான் செய்யும்.

பெட்ரோல் எஞ்சினில் கரி குறைவு என்பதால் நிறம் மெதுவாக மாறும். ஆனால் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் கரி கூடுதல். அங்கே ஆயில் சீக்கிரம் கறுப்பது வியப்பில்லை. பைக்கில் கிளட்ச் தட்டுகளும் கியரும் பெரும்பாலும் அதே ஆயிலில்தான் நனைகின்றன. கிளட்ச் தேயும் தூளும் சேர்ந்து நிறத்தை மாற்றும்.

பில்டரைக் குறை சொல்வது

கரித்துகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே. பில்டர் காகிதம் பிடிப்பது அதைவிடப் பல மடங்கு பெரிய தூளை.

பழைய ஆயில் முழுக்க வடிந்துவிட்டதாக நம்புவது

டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் வடிவது எஞ்சினின் அடித்தொட்டியான ஆயில் சேம்பரில் இருப்பது மட்டும்தான். ஆயில் கூலர், டர்போவுக்குப் போகும் குழாய், ஹெட்டுக்குள் இருக்கும் பள்ளங்கள், எஞ்சின் பிளாக்கின் ஆயில் வழிகள் எல்லாவற்றிலும் பழையது தங்கிவிடும். 4 லிட்டர் பிடிக்கிற எஞ்சினில் 400 மில்லி தங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆயிலில் 2 சதவீதம் கரி இருந்திருந்தால், புதிய ஆயில் ஊற்றிய அந்த நிமிடமே கலவையில் 0.2 சதவீதம் கரி வந்துவிடுகிறது. முழுக் கறுப்புக்கு அதுவே போதும். பில்டரை மாற்றாமல் விட்டால் அதற்குள் நிற்கும் இன்னொரு கால் லிட்டர் பழையதும் சேரும். அதனால் ஒவ்வொரு தடவையும் பில்டரோடு சேர்த்தே மாற்றுங்கள்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. கையேட்டில் இரண்டு அளவு போட்டிருக்கலாம்: ஆயில் மாற்றும்போது ஊற்ற வேண்டியது ஒன்று, எஞ்சினைப் பிரித்துக் கோர்த்த பிறகு ஊற்ற வேண்டியது இன்னொன்று. இரண்டாவதைப் பார்த்து ஊற்றினால் அளவு மிஞ்சும், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரையில் பிரஷர் நிற்காது. சொன்ன அளவில் பத்தில் ஒன்பது பங்கு ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பத்து நிமிடம் கழித்துச் சமதளத்தில் டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுவதே சரி.

குளிர்ந்த எஞ்சினில் வடிப்பது

ஐந்து, பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, குறைந்தது கால்மணி நேரம் வடிய விடுங்கள்.

டீசல் ஊற்றிக் கழுவுவது

இதைப் பார்க்கும்போது இன்னும் எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் நன்றாக ஓடுகிற எஞ்சினை ஒரே நாளில் கெடுக்கக்கூடியது இதுதான். ஆயிலை வடித்துவிட்டு டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி, ஐடிலில் ஐந்து நிமிடம் ஓட்டி, வெளியே வரும் கறுப்புத் தண்ணீரைக் காட்டி "பாருங்க, எவ்வளவு அழுக்கு" என்பார்கள். கண்ணுக்குத் திருப்தியாகத்தான் இருக்கும்.

உள்ளே நடப்பது வேறு. 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரிச் சூட்டில்கூடச் சுமார் 10 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டியை அளக்கும் அலகு) கெட்டியோடு இருக்கும். டீசல் வெறும் 40 டிகிரியிலேயே 2 முதல் 4.5 வரைதான். கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவே உலோகத்தோடு உலோகம் உரசாமல் தாங்குவது அந்த ஆயில் படலம் மட்டுமே. ஐடில்தானே என்று நினைக்கக் கூடாது; வேகம் குறையக் குறையப் படலம் மெலியும். டர்போ இருந்தால் அதன் தண்டுக்கும் இதே கதி.

அடுத்தது, ஊற்றிய டீசலும் முழுக்க வடியாது. பழைய ஆயில் எங்கெல்லாம் தங்குமோ அங்கெல்லாம் இதுவும் தங்கி, புது ஆயிலோடு கலந்து அதை நீர்க்க வைக்கும். 40 தர ஆயிலில் 5 சதவீதம் எரிபொருள் கலந்தாலே அது 30 தரத்துக்கு இறங்கக்கூடும்.

மூன்றாவதுதான் எஞ்சினையே காவு வாங்குவது. பல வருடம் ஆயில் சரியாக மாற்றாத எஞ்சினில் கசடு சேம்பரின் அடியிலும், எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவருக்குள்ளும் தார் மாதிரி படிந்து கிடக்கும். கிடக்கிற இடத்தில் கிடந்தால் அது உடனே எதையும் கெடுக்காது. டீசல் பட்டதும் அது கரையாமல் செதில் செதிலாகப் பெயர்ந்து, ஆயில் பம்ப்பின் வாயில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையில் போய் அடைகிறது. புது ஆயில் ஊற்றி வண்டியை எடுத்தால் முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. பிறகு காலையில் டேப்பட் சத்தம் கேட்கும். நெடுஞ்சாலையில் மிதிக்கும்போது ஆயில் லைட் மினுக்கும். அப்போதும் ஓட்டினால் கனெக்டிங் ராட் பேரிங் போய், அடியிலிருந்து நாக்கிங் சத்தம் வரும். அப்படிப்பட்ட எஞ்சினைப் பிரித்தால், கால்வாசி மட்டும் திறந்திருக்கிற வலையும், செம்பு நிறம் தெரியுமளவு தேய்ந்த பேரிங்கும், கோடு விழுந்த கிராங்க்கும்தான் கிடைக்கும். ஆயில் கறுத்ததற்காகக் கிராங்க் அரைக்கிற வேலை!

எஞ்சினைக் கழுவவென்றே புட்டியில் வரும் பிளஷ் திரவம் டீசலைவிடப் பரவாயில்லை. ஆனாலும் சுத்தமான எஞ்சினுக்கு அது தேவையில்லை, கசடு கட்டிய எஞ்சினில் செதில் பெயரும் அபாயம் அதிலும் உண்டு.

உண்மையிலேயே கசடு இருக்கிறதா என்று பார்க்க ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். பழுப்புப் பூச்சு மட்டும் தெரிந்தால் விட்டுவிடலாம். விரலால் வழிக்கிற அளவு தெரிந்தால் சேம்பரைக் கழற்றி, கசடைக் கையால் வழித்து, ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்து, புதுப் பேக்கிங் போட்டு மாட்ட வேண்டும். அதன்பின் கையேடு சொல்லும் தரத்திலேயே ஆயில் ஊற்றி, இரண்டு மூன்று தடவை 2,000 – 3,000 கிலோமீட்டரில் பில்டரோடு மாற்றினால் மீதியை ஆயிலே மெல்ல எடுத்துவிடும்.

கறுக்காத ஆயிலைத் தேடுவது

டீசலில் கறுக்காத ஆயில் கரியை எஞ்சினுக்குள்ளேயே விட்டுவைக்கிறது.

நிறத்தோடு நின்றுவிடுவது

கறுப்பைவிடக் கவலைப்பட வேண்டியவை வேறு இருக்கின்றன. நாளுக்கு நாள் ஆயில் மட்டம் ஏறினால், எரிபொருள் வாடை அடித்தால், ஒழுகும் இன்ஜெக்டரையோ பாதியில் அறுபடும் டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) சுத்திகரிப்பையோ பாருங்கள். பெட்ரோல் வண்டியில் சில நூறு கிலோமீட்டரிலேயே தார்க்கறுப்பானால் பிசிவி வால்வு (எஞ்சினின் அடியில் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) அடைப்பு, ரிங் தேய்மானம் இரண்டையும் சோதிக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் சூடான ஆயிலில் ஒரு சொட்டை வடிகட்டித் தாளில் விட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். நடுவிலிருந்து ஓரம் வரை மெல்ல வெளுத்துப் பரவியிருந்தால், எவ்வளவு கறுப்பானாலும் ஆயிலுக்குக் கரியைச் சுமக்கிற தெம்பு இருக்கிறது. நடுவில் கன்னங்கரிய வட்டம் கூர்மையான விளிம்போடு நின்றால் அதை மாற்றிவிடுங்கள்.

டிப்ஸ்டிக்கில் பால் காப்பி நிறம் தெரிந்தால் மட்டும் சோதனைக்கெல்லாம் நேரமில்லை. கூலன்ட் கலந்திருக்கிறது. மூடியின் அடியில் மட்டும் வெண்பசை இருந்தால் அது குறுந்தூர ஓட்டத்தில் சேர்ந்த நீராவியாக இருக்கலாம். ஒரு நீண்ட ஓட்டத்தில் போய்விடும். டிப்ஸ்டிக்கிலும் இருந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துப் போங்கள்.