புதிதாக ஆடத் தொடங்குபவருக்கு ஏற்ற பேட்மிண்டன் மட்டை

குறைந்த செலவில் மட்டை வாங்கச் செல்பவர் முதலில் பார்க்க வேண்டியது, தண்டு தலைப்பகுதியோடு சேரும் இடத்தை. அங்கே தனியாகப் பொருத்திய உலோக இணைப்பு ஒன்று கண்ணுக்குத் தெரிந்தால், சட்டகம் இரும்பு அல்லது அலுமினியத்தால் ஆனது என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். அத்தகைய மட்டையின் எடை 100 கிராமை நெருங்கும். அதிர்வும் நேராக மணிக்கட்டுக்கு வந்து சேரும். வாரம் இரண்டு மூன்று நாள் ஆடும் எண்ணம் உள்ளவர் இதைத் தவிர்த்து, தண்டும் சட்டகமும் முழுவதும் கிராஃபைட் எனப்படும் கரிம இழையால் ஆன மட்டைகளில் விலை குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. என் கணிப்பில், கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு ஆட்டத்தில் உடனே பலன் தெரிவது இந்த ஒரு மாற்றத்தில்தான்.

அடுத்தது எடை. மட்டையில் 3யூ, 4யூ, 5யூ என்று அச்சிட்டிருப்பது எடையைக் குறிக்கிறது; எண் கூடக்கூட எடை குறையும். யோனெக்ஸ் நிறுவனத்தின் முறைப்படி 3யூ என்பது 85 முதல் 89 கிராம், 4யூ என்பது 80 முதல் 84 கிராம், 5யூ என்பது 75 முதல் 79 கிராம். பிற நிறுவனங்களின் கணக்கு சிறிது மாறலாம். தோளும் மணிக்கட்டும் இன்னும் ஆட்டத்துக்குப் பழகாதவருக்கு 4யூ பொருத்தமாக இருக்கும். கைப்பிடியின் சுற்றளவைக் குறிக்கும் எண்ணும் யோனெக்ஸ் மட்டைகளில் இதே போலத் தலைகீழானது. ஜி4ஐ விட ஜி5 சிறியது. சந்தேகம் இருந்தால் சிறிய பிடியையே வாங்குங்கள், ஏனென்றால் மேலே ஒரு கிரிப் சுற்றிப் பருமனைக் கூட்டிக்கொள்வது எளிது, குறைப்பது கடினம்.

தண்டு எவ்வளவு வளையும் என்பதைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுகிறார்கள். ஆடுகளத்தின் நீளம் 13.40 மீட்டர். பின்கோட்டருகே நின்று எதிராளியின் பின்கோடு வரை இறகுப்பந்தை உயர்த்தி அனுப்புவதற்கு மட்டை வேகமாகச் சுழல வேண்டும். அந்த வேகம் கைக்கு வரும் வரை, நன்றாக வளைந்து மீளும் தண்டு குறையை ஓரளவு ஈடுகட்டும். விறைப்பான தண்டோ, வேகமாக வீசுபவருக்குத் துல்லியத்தைத் தரும். மெதுவாக வீசுபவருக்கு ஒன்றும் தராது. ஆகவே, புகழ்பெற்ற வீரர் பயன்படுத்தும் மட்டை என்று சொல்லி விற்கப்படும் விறைப்பான, தலை கனத்த மட்டையை இப்போதைக்கு ஒதுக்கிவைப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

தலை கனத்ததா இல்லையா என்பதை விரல் ஒன்றின் மேல் மட்டையைக் கிடைமட்டமாக நிறுத்தியே அறியலாம். அது சாயாமல் நிற்கும் புள்ளி, கைப்பிடியின் அடியிலிருந்து சுமார் 285 முதல் 295 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சமநிலை மட்டை என்பார்கள். தொடக்கத்தில் அதுவே போதும். எந்த வகை ஆட்டம் தனக்கு வரும் என்று தெரிந்த பிறகு தலை கனத்த மட்டைக்கோ தலை இலேசான மட்டைக்கோ மாறலாம்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது நரம்பைப் பற்றி. கையில் உள்ள பணம் முழுவதையும் மட்டைக்கே செலவழித்துவிடாமல், ஒரு பங்கை நரம்பு மாற்றுவதற்கென்று ஒதுக்கி வையுங்கள். விலை குறைந்த மட்டைகளில் தொழிற்சாலையில் கட்டி வரும் நரம்பு பெரும்பாலும் தரம் குறைந்ததாகவும் தளர்ந்தும் இருக்கும். நல்ல நரம்பு கட்டிய சாதாரண மட்டை, மோசமான நரம்பு கட்டிய உயர்ந்த மட்டையைவிட நன்றாக ஆடும். 0.70 மில்லிமீட்டர் தடிமனுள்ள நரம்பை 20 முதல் 22 பவுண்டு இழுவிசையில் கட்டச் சொல்லுங்கள். மெல்லிய நரம்பு துள்ளல் கொடுத்தாலும் விரைவில் அறுந்துவிடும். இழுவிசை கூடக்கூட, பந்து சரியாகப் பட வேண்டிய நடுப்பகுதி சுருங்கும். அடி இன்னும் நடுவில் விழாத ஒருவருக்கு அது இடைஞ்சலே. மட்டையில் அச்சிட்டுள்ள இழுவிசை உச்சவரம்பையும் எக்காரணம் கொண்டும் மீற வேண்டாம்.

பழைய மட்டை கிடைத்தால் தயங்காமல் பாருங்கள். இரட்டையர் ஆட்டத்தில் மட்டைகள் மோதிக்கொள்வது வழக்கம் என்பதால், தலையின் மேல்வளைவில் மயிரிழை போன்ற விரிசல் உண்டா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பித் தேட வேண்டும். வண்ணம் மட்டும் உதிர்ந்திருந்தால் பரவாயில்லை. நகத்தால் வருடும்போது தடுக்கும் கோடு இருந்தால் வாங்க வேண்டாம்.

வாங்கிய பிறகு வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மட்டையை விட்டு வைக்காதீர்கள். நரம்பு ஒன்று அறுந்தால், மீதியுள்ளவற்றையும் நடுவிலிருந்து வெளிப்புறமாக உடனே வெட்டிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும் நரம்புகளால் சட்டகம் கோணிப்போகக்கூடும்.