தவணை கட்ட முடியாத காரை நீங்களே ஒப்படைப்பது எப்படி

சாவியைக் கொடுத்தால் கடனும் தீர்ந்துவிடும் என்று நம்பித்தான் நிறைய பேர் காரைக் கொண்டுபோய் விடுகிறார்கள். தீராது. கடன் கொடுத்தவர் வண்டியை ஏலத்தில் விடுவார், ஏலத்தில் பெரும்பாலும் சந்தை விலை கிடைக்காது, வந்த தொகையில் ஏலச் செலவும் வண்டியை நிறுத்தி வைத்த செலவும் கழியும். பாக்கி 100 என்று வையுங்கள். கார் 65-க்குப் போய், செலவு 5 என்றால், கையில் கார் இல்லாமலேயே இன்னும் 40 கட்ட வேண்டும். ஜாமீன் போட்டவர் இருந்தால் அவர் கழுத்துக்கும் வரும், அதனால் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அதனால் முதலில் இன்றைய தேதிக்குக் கடனை முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் சம்மதத்தோடு நீங்களே ஆள் பார்த்து விற்றால் ஏலத்தைவிட நல்ல விலை வர வாய்ப்பு அதிகம். தவணைக் காலத்தை நீட்டித் தருவார்களா என்றும் கேளுங்கள், கேட்பதில் நஷ்டமில்லை.

எதுவும் நடக்கவில்லை என்றால், அவர்கள் ஆள் வந்து இழுத்துப்போகும்வரை காத்திருக்காமல் ஒப்படைப்பதே மேல். இழுத்துப்போகும் செலவு உங்கள் தலையில் விழாது, நாளையும் நேரத்தையும் நீங்கள் குறிக்கலாம். கடன் வரலாற்றில் அடி விழுவது மட்டும் இரண்டிலும் உண்டு.

ஒப்படைக்கிறேன் என்று கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, மீதித் தொகையை என்ன செய்வார்கள் என்பதை அதிலேயே கேளுங்கள். வாய்ப்பேச்சில் "பார்த்துக்கலாம் சார்" என்பதெல்லாம் செல்லாது. காரில் இருக்கும் உங்கள் பொருள்கள், சுங்கக் கட்டண ஸ்டிக்கர், திரையில் பதிவான போன் எண்கள், வீட்டு முகவரி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உள்ளும் புறமும், கிலோமீட்டர் காட்டும் மீட்டரையும் சேர்த்துப் படம் எடுங்கள். பிறகு "கீறல் இருந்தது" என்று விலையைக் குறைத்தால் பதில் சொல்ல அதுதான் உதவும். தேதி, நேரம், கிலோமீட்டர், வண்டியின் நிலை, எத்தனை சாவி, வாங்கியவர் பெயர், கையெழுத்து எல்லாம் உள்ள ரசீது இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டால் போடவே வேண்டாம். ரசீது கைக்கு வரும்வரை காப்பீட்டையும் நிறுத்தாதீர்கள்.

ஏலம் முடிந்ததும் விற்ற விலை, கழித்த செலவு என்று கணக்கு கேளுங்கள். மீதியைக் குறைத்துத் தரும்படி பேரம் பேசலாம், மொத்தமாகக் கட்டுகிறேன் என்றால் இறங்கி வருபவர்கள் உண்டு. ஆனால் ஒப்புக்கொண்ட தொகை கடிதமாக வந்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும், கட்டியதும் பாக்கி இல்லை என்ற சான்றையும் கேட்டு வாங்குங்கள்.