குற்றத்துக்குக் காரணம் தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

கொலைச் செய்தியோடு வரும் படத்தைப் பார்த்து "மூஞ்சியே சொல்லுதே" என்பவர்கள் உண்டு. இதையே அளந்து பார்த்துச் சொன்னவர் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ. பெரிய தாடை, நீண்ட கை எனப் பிறவிக் குற்றவாளிக்கு உடம்பிலேயே அடையாளம் இருக்கிறது என்று 1876-ல் எழுதினார். பிறகு இங்கிலாந்தின் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் சுமார் 3,000 கைதிகளை அளந்து, மாணவர்கள், படைவீரர்களோடு ஒப்பிட்டார். 1913-ல் வந்த முடிவு: குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு கிடையாது. கைதிகள் சராசரியில் கொஞ்சம் குள்ளம், எடை குறைவு, அவ்வளவுதான்.

லொம்ப்ரோசோவைக் கேலி செய்வது சுலபம். சிறைக்குள் நின்றுகொண்டு பின்னோக்கிக் காரணம் தேடும் பழக்கம்தான் நம்மை விடமாட்டேன் என்கிறது.

ஒய் குரோமோசோம் கதையைப் பாருங்கள். ஆணாகப் பிறக்க வைக்கும் இந்த மரபுக்கூறு வழக்கமாக ஒரு ஆணுக்கு ஒன்றுதான் இருக்கும். 1965-ல் ஸ்காட்லாந்தில், ஆபத்தானவர்கள் என்று கருதப்பட்ட நோயாளிகளை வைத்திருந்த, பலத்த காவல் உள்ள ஒரு மருத்துவமனையில் கிட்டத்தட்ட 200 ஆண்களைச் சோதித்தார்கள். 7 பேருக்கு ஒரு ஒய் கூடுதலாக இருந்தது. பொதுவாக ஆயிரம் ஆண்களில் ஒருவருக்குத்தான் அப்படி இருக்கும். போதாதா? வன்முறையே குரோமோசோமில் இருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. 1966-ல் சிகாகோவில் 8 நர்ஸ்களைக் கொன்ற ரிச்சர்ட் ஸ்பெக்குக்கும் அதுதான் என்று பிறகு செய்தி பரவியது. சோதித்துப் பார்த்தால், பெரும்பாலான ஆண்களைப் போல ஒரே ஒய்!

1976-ல் வந்த டென்மார்க் ஆய்வு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கியது. சிறைக்குப் போகாமல், பொதுமக்களில் உயரமான ஆண்கள் 4,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். 12 பேருக்குக் கூடுதல் ஒய். அவர்களில் 5 பேர் மீது குற்றப் பதிவு இருந்தது. சரி, அது அதிகம்தான். ஆனால் பெரும்பாலும் திருட்டு மாதிரியான சில்லறைக் குற்றங்கள். எதிர்பார்த்த வன்முறையைக் காணோம்.

உளவியலும் இதே பள்ளத்தில் விழுந்திருக்கிறது. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் போல்பி, திருட்டில் சிக்கிய 44 சிறுவர் சிறுமியரைப் பற்றி 1944-ல் வெளியிட்ட ஆய்வில், சின்ன வயதில் தாயைப் பிரிந்ததைப் பெரிய காரணமாகக் காட்டினார். அப்புறம் அவரே, காசநோய் விடுதியில் மாதக்கணக்கில் தாயைப் பிரிந்து கிடந்த 60 குழந்தைகள் வளர்ந்து எப்படி ஆனார்கள் என்று பார்த்தார். மற்றவர்களோடு பெரிய வித்தியாசம் இல்லை. பிரிவின் ஆபத்தைச் சில இடங்களில் மிகைப்படுத்திவிட்டோம் என்று 1956-ல் ஒப்புக்கொண்டார். இந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

'குற்ற மரபணு' என்று ஒன்றைத் தனியாகச் சொல்வதும் தவறு. மூளையில் சில வேதிப்பொருட்களைச் சிதைக்கும் நொதியை உருவாக்குவது எம்ஏஓஏ (MAOA) மரபணு; அதன் வேகம் குறைந்த வடிவம் ஏராளமான ஆண்களிடம் இருக்கிறது. 2002-ல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், அது இருந்து, குழந்தைப் பருவத்தில் கொடுமையும் அனுபவித்தவர்களிடம்தான் முரட்டு நடத்தை தூக்கலாகத் தெரிந்தது.

அடுத்தது, 'சைக்கோ' என்ற ஒரே சொல்லில் இரண்டு பேரை அடைப்பது. இல்லாத குரல் காதில் கேட்டு, நிஜம் எது என்று பிரிக்க முடியாமல் தவிப்பவர் ஒருவர்; அது சைக்கோசிஸ். தான் செய்வது நன்றாகவே தெரிந்தும், அடுத்தவர் வலி உறைக்காதவர் இன்னொருவர், அது சைக்கோபதி. முன்னவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை.

சைக்கோபதியை அளக்க கனடிய உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய பட்டியலில் 20 அம்சங்கள், மொத்தம் 40 மதிப்பெண். வழக்கமாக 30-ஐத் தொட்டால் சைக்கோபத். பயிற்சி பெற்றவர்கள் நேர்காணலையும் பழைய ஆவணங்களையும் வைத்துப் போடும் மதிப்பெண் இது. டிவியில் பத்து நிமிடம் பார்த்துப் போடக்கூடியது இல்லை. அதோடு, சிறுவயதுக் குற்றங்களும் பலவகைக் குற்றங்களும் அந்த 20-க்குள்ளேயே வருகின்றன. ஆகவே "மதிப்பெண் அதிகம், அதனால்தான் குற்றம் செய்தான்" என்று ஒருவர் சொன்னால், அந்த மதிப்பெண்ணில் எவ்வளவு அவன் செய்த குற்றங்களாலேயே வந்தது என்று திருப்பிக் கேளுங்கள்.